முப்பத்தோராம் பக்கத்து நார்வேக்காரன்

சௌராஸ்தா சந்தை மாடியில்
பழைய புத்தகக் கட்டுக்குள் கிடந்தான்
ஹல்வோர் ஸ்டூர்.
விலை மூன்று வெள்ளி.
பட்டர்வொர்த் முகாமில் இருந்த எவனோ ஆஸ்திரேலியன்
அட்டைமேல் காப்பிக் கோப்பையை வைத்திருக்கிறான்.
அந்தக் கறை வட்டத்துக்குள்தான்
இவன் விமானம் பறக்கிறது.

ஆங்கிலேயர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள்.
இவனுக்கு மொத்தமே நான்கு வசனம்.
இரண்டு, "யா."
மற்ற இரண்டும் குளிரைப் பற்றி.

குளிர் எனக்குத் தெரியும், ஹல்வோர்.
பிறை மீன் கிடங்கில் இரவு ஷிப்ட்.
மைனஸ் பதினெட்டு.
கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று
அவ்வப்போது எண்ணிக்கொள்வேன்.

முப்பத்தோராம் பக்கம்:
இடது இறக்கையில் தீ.
கீழே கறுப்பு மையில் கடல்.
வலது இறக்கையைப் பூச்சி தின்றிருக்கிறது,
ஜெர்மன்காரன் சுட்டதைவிடச் சுத்தமாக.
அடுத்த தாள் இல்லை.

"முடிவு வேணும்னா அதுக்கு வேற விலை"
என்றார் கடைக்கார மஸ்தான் கனி.
சிரிக்கவில்லை.

எட்டு மணிக்கு வேலை.
ஃபெர்ரி மேல்தட்டில்
காற்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறது.
புரட்ட என்ன இருக்கிறது?
விமானத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருக்கிறேன்.
வியர்வையில் மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.
பாதிக் கடல் தாண்டியாகிவிட்டது,
இன்னும் விழவில்லை.