பதினோரு வருடத்துச் சொல்

லீபாயாவில் டிசம்பர் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
டிராம் ஓட்டும் ஸ்கைட்ரீதேயின் ஒற்றைக் காதில்
ஹாங்காங் பாடிக்கொண்டிருக்கும்.

ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.
கேட்டதைக் கேட்டபடி
லாட்விய எழுத்தில் கிறுக்கிய நோட்டு மட்டும்.
"பூனை வாலை மிதித்தாயா?" என்பான்
டிப்போவில் வால்திஸ்.

மூன்றாம் பாட்டில்
பல்லவி இறங்கும் இடத்தில் அந்தச் சொல்.
கண் கலங்கும்.
ஆளில்லாத் தண்டவாளத்துக்கு மணியடித்துச் சமாளிப்பாள்.

துறைமுக நிறுத்தத்தில் ஒருநாள்
கப்பல் சமையல்காரன் ஏறினான், ஹாங்காங்காரன்.
சில்லறையை நீட்டினான்.
அவள் நோட்டை நீட்டினாள், பாடியும் காட்டினாள்.

நெற்றி சுருக்கி யோசித்தவன்
காற்றில் ஒரு கதவைத் திறந்து
தோள் குறுக்கி நடுங்கினான்:
பிரிட்ஜ்.

சிரித்த சிரிப்பில் ஒரு நிறுத்தம் தவறிப்போனது.

இன்றும் அந்த இடம் வந்ததும்
மணியடிக்கிறாள்.
யார் வீட்டு பிரிட்ஜோ,
உள்ளே என்ன மிச்சமிருந்ததோ.