துறை

ஓய்வு பெறுகிறவர்கள்
பணியும் ஆர்வங்களும் பற்றி
நூறு சொல்லுக்குள் எழுதித் தர வேண்டுமாம்,
பிரியாவிடை மலருக்கு.

பணி:
டர்பனில், மேட்டின் மேல் இருக்கும் வளாகத்தில்
முப்பத்தோரு வருஷம்.
அரசுக்கு ஏன் பணிய வேண்டும் என்ற ஒரே கேள்வியை
வேறு வேறு அறைகளில் கேட்டேன்.
சேர்ந்த புதிதில் எங்களுக்கென்று
தனியாய் ஒரு பொம்மை ஓட்டு இருந்தது.
நான் போட்டதில்லை.
அந்த வருஷம்தான் 'ஒப்புதல்' என்று பாடம் எடுத்தேன்.
மாணவர்கள் சிரித்தார்கள். நானும்.

நூல்கள் மூன்று.
கடைசி நூலை முழுதாகப் படித்தவர்
அச்சுப்பிழை திருத்தியவர் மட்டும்.
அவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆர்வங்கள்:
வானொலியில் டெஸ்ட் கிரிக்கெட்,
டிராவில் முடிந்தால் இன்னும் நல்லது.
ஞாயிறுகளில் கோயில் மண்டபத்தில்
நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிய தமிழ்.
'துறை' என்றால் பாடப் பிரிவு என்று குறித்துக்கொண்டேன்.
ஆற்றில் இறங்கும் இடமும் அதுதான் என்றார்
பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர்.

பிறகு வெள்ளம்.
டோங்காட்டில் ஐந்து மாதம் குழாயில் காற்று.
லாரி வரும், எப்போதென்று சொல்லாமல்.
ஆட்கள் நிற்கவில்லை, வாளிகள் நின்றன:
பெயின்ட் டின், குழந்தை குளிக்கும் தொட்டி,
மா குமாலோவின் மஞ்சள் டிரம்,
மூன்றாவதாய்
கைப்பிடிக்குக் கம்பி கட்டிய சிவப்பு வாளி.
வீராசாமியுடையது.
அவர் ஸ்டேங்கர் ஆஸ்பத்திரியில்.

வரிசை நகரும்போது
யாருடைய காலாவது அதையும் தள்ளிவிடும்.
கையெழுத்தில்லை, காவலரில்லை.
ஆறு டிரம்மோடு வந்து எல்லோரிடமும் கத்தும் பிரெகிகூட
அதைத் தாண்டி வைத்ததில்லை.
இதற்கு என்ன பெயர் என்று
மூன்று நூலையும் புரட்டினேன்.
கடமையா? யாருக்கு?
பரிவு என்று சொன்னால் பிரெகி அடிக்க வருவான்.

நாலாவது வாரம்
அவர் போய்விட்ட செய்தியும் லாரியும்
ஒரே பத்து நிமிஷத்தில் வந்தன.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
புரொபசர் ஆயிற்றே,
முறை தெரிந்திருக்கும்.
நான் தொண்டையைச் செருமுவதற்குள்
மா குமாலோ சிவப்பு வாளியைத் தூக்கிக்
குழாய்க்கடியில் வைத்தார்.

துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு டீ போட வேண்டுமே.
கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தது நான்தான்.
கம்பி கிழித்த கோடு
உள்ளங்கையில் மறையவில்லை இன்னும்.

நூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது.
அடித்துவிட்டு
'ஆர்வங்கள்: கிரிக்கெட்' என்று
எழுதிக் கொடுத்துவிட்டேன்.