கத்தி எடுக்காத செவ்வாய்

ஓர்ஹுனின் வலது விலாவுக்குக் கீழே
என் கையெழுத்து இரண்டு முறை இருக்கிறது.
ஒன்று அவனுடைய பதினோரு வயதில்.
அடுத்தது பதினாலில், முதலாவதின் மேலேயே,
அடித்துத் திருத்திய வரிபோல.
இப்போது பதினேழு.
மூன்றாவதை எங்கே எழுதுவது என்று
திரையில் அவன் ஈரலை
முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே டிராப்ஸோன் மழை,
கருங்கடல் தெரியவில்லை.

சீழ் என்றால் ஊசிக்கு வரவேண்டும்.
இது வராது.
அறை அறையாய்த் தடுத்துச் சுவர் எழுப்பி
கெட்டிச் சுண்ணாம்பாய் உட்கார்ந்திருக்கிறது.
குழாய் வைத்தால் நாள் முழுக்கத் தொங்கி
ஒரு தேக்கரண்டி தரும்,
அதுவும் மனமில்லாமல்.

அவன் வெள்ளணுக்கள் சோம்பேறிகள் அல்ல.
கூப்பிட்டதும் ஓடி வருகின்றன,
கிருமியை வாய் கொள்ளாமல் விழுங்குகின்றன.
விழுங்கியதை எரிக்கத்தான் நெருப்பில்லை.
அம்மா வழி வந்த ஓர் எழுத்துப்பிழை:
அடுப்பும் விறகும் கொடுத்த வீடு
தீக்குச்சியைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டது.
செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
இன்னும் ஆள் வா, இன்னும் ஆள் வா என்று கூவ,
உதவிக்கு வந்த கூட்டமே
கடைசியில் கட்டியாகிறது.

வராந்தாவில் நஸ்மியே.
அவளுடைய தம்பி ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவன்.
அந்தக் காய்ச்சலுக்கு ஒரு பெயர் உண்டென்று
முப்பது வருஷம் கழித்து
இந்த வராந்தாவில்தான் தெரிந்துகொண்டாள்.
இங்கே பிள்ளையைக் கொஞ்சுகிறவர்கள்
'ஜியெரிம்' என்பார்கள், என் ஈரலே என்று.
முதல் கட்டி வந்த நாளிலிருந்து
அவள் வாயில் அந்தச் சொல் வருவதில்லை.
ஓர்ஹுன் என்று மட்டும் கூப்பிடுகிறாள்,
பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி.

டாக்டர் பெர்ரின் என்னைவிட இருபது வயது இளையவள்.
"வெட்ட வேண்டாம் ஹோஜாம்.
ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கொடுத்துப் பார்ப்போம்" என்றாள்.
எதிர்ப்புச் சக்தி இல்லாதவனுக்கு
எதிர்ப்பை அடக்கும் மருந்தா?
வேலியில்லாத தோட்டத்தில்
இருக்கிற கதவையும் கழற்றுவதா?
கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
"திருடன் எப்போதோ பிடிபட்டாயிற்று.
கூட்டம்தான் கலைய மாட்டேன் என்கிறது" என்றாள்.
பதில் என்னிடம் இல்லை.
கோபம் இருந்தது,
அது பையனுக்காக இல்லை, என் விரல்களுக்காக.

என் செவ்வாய்க்கிழமை காலியானது.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது.
இரண்டாம் வாரம் முகம் ஊதியது.
ராத்திரி இரண்டு மணிக்குப் பசி என்று எழுந்து
ரொட்டி முழுவதையும் தின்றான்,
இன்னொன்று இல்லை என்றதற்கு
அம்மாவைக் கத்தினான், பிறகு அழுதான்.
நர்ஸ்கள் என்னைப் பார்த்தார்கள்,
நான் பெர்ரினைப் பார்த்தேன்,
அவள் அளவுத் தாளைப் பார்த்தாள்:
ஏழு சென்டிமீட்டர். ஐந்து. மூன்றரை.

ஓர்ஹுன் வீட்டைச் சுற்றி ஹேசல்நட் தோட்டம்.
ஆகஸ்டில் ஊரே கொட்டை பொறுக்கும்போது
இவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பான்.
மக்கிய இலையும் உமியும் கிளப்புகிற தூசிப் பூஞ்சை
இவனுக்கு எமன்.
ஒன்பதாம் வார ஸ்கேனில், மிச்சமுள்ளது
ஹேசல்நட் அளவு என்று
ரேடியாலஜிக்காரர் அறியாமல் எழுதியிருந்தார்.
அந்த வரியை அடித்துவிட்டு
ஒன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர் என்று எழுதினேன்.

இத்தோடு தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை.
ஈரலின் வேறொரு மூலையில்
இன்னொரு கூட்டம் கூடலாம்.
அப்போது நான் முதலிலேயே
பெர்ரினைக் கூப்பிடுவேனா? கூப்பிடுவேன்.
அநேகமாக.

இன்று செவ்வாய்.
பழக்கதோஷத்தில் முழங்கை வரை கழுவிவிட்டு
அவன் கட்டிலுக்குப் போனேன்.
நஸ்மியே எழுந்து நின்றாள்.
அந்தச் சொல்லை இன்னும் சொல்லவில்லை.
சட்டையைத் தூக்கச் சொன்னேன்,
என் இரண்டு கோடுகளுக்கும் கீழே கையை வைத்தேன்.
"ஜில்லுன்னு இருக்கு" என்று நெளிந்தான்.
கைகளைத் தேய்த்துச் சூடாக்கி
மறுபடி வைத்தேன்.