ஈரம்

பர்வானியா, மூன்றாம் மாடி, இரவு ஒன்று நாற்பது.
ஐந்தாம் முறை தண்ணீராய்ப் போகிறது உனக்கு.
புண்ணாகுமென்று டயப்பரைக் கழற்றிவிட்டேன், ஏபல்.

இரவுப் பணியிலிருந்து ஜெபஷீலாவின் குரல்செய்தி:
"ரத்தம் இருக்கா பாரு. இருந்தா உடனே கெளம்பு.
அழுதா கண்ணீர் வருதா?
வயித்துத் தோலக் கிள்ளி விடு, சட்டுன்னு படியுதா?
கக்கினா பத்து நிமிஷம் பொறு,
அப்புறம் ஸ்பூன் ஸ்பூனா. அவசரப்படாதே."

அவசரம்தானே என் பிழைப்பு.
பைக்கில் அடுத்தவர் சாப்பாடு,
தாமதித்தால் அபராதம்.
இப்போது ஒரு ஸ்பூன் உப்புசர்க்கரைக் கரைசல்.
காத்திருப்பு.
இன்னொரு ஸ்பூன்.
ஜன்னலுக்கு வெளியே ஏசி சொட்டுகிறது
என்னைவிட வேகமாய்.

கிள்ளினேன். படிந்தது.
நம்பாமல் என் கையையும் கிள்ளிப் பார்த்தேன்.
ஆனால் சாயங்காலத்திலிருந்து
நீ மூத்திரம் போகவில்லை.
ஐந்தானால் டாக்சி என்று
சிவில் ஐடியைச் சட்டைப்பையில் வைத்தாயிற்று.

நாலேகால்.
மடியில் திடீரென்று சூடு.
வெளிர்மஞ்சள். மூத்திரம், வெறும் மூத்திரம்!
கம்பெனிப் பேன்ட் முழங்கால்வரை.
நீயோ ஸ்பூனைக் கடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாய்.

படமெடுத்து அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
பதில் இல்லை.
அங்கே எந்தப் பிள்ளையோ அழுதிருக்கும்,
கண்ணீர் வருகிறதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.