பின் இருக்கை

இரண்டு வானும் ஒரே வெள்ளை.
ஒரே ஆண்டு, ஒரே டீசல்,
விலையும் ஒன்றுதான்: பதினாலாயிரத்து நானூறு.
ஒன்றுக்குப் பின் இருக்கை உண்டு.
மற்றதற்கு இல்லை.

"இல்லாததை எடுங்கள்" என்றார் மதாம் பெசோன்,
பென்சிலால் என் கொப்பியில் ஒரு கோடு இழுத்து.
முன்னால் இரண்டு பேர் மட்டும் ஏறுவது வேலை வாகனம்;
வாங்கும்போது கட்டிய தே-வே-ஆ திரும்பி வரும்.
ஐந்து பேர் ஏறினால் அது குடும்பம்.
குடும்பத்துக்குக் கழிவு இல்லை.

இரண்டாயிரத்து நானூறு யூரோ.
நான் அதைத் தோசைமா வாளியில் எண்ணிப் பார்த்தேன்.
வாளிக்கு மூன்று யூரோ மிஞ்சும்,
ஆக எண்ணூறு வாளி.
எண்ணூறு தரம் உளுந்து ஊறி, அரைபட்டு,
இரவில் பொங்கி மூடியைத் தள்ளி,
விடிய நாலு மணிக்குக் குணாளன் தோளில் படியிறங்க வேண்டும்,
லிஃப்ட் செத்துக் கிடக்கும் கிழமைகளிலும்.
இருக்கை ஒன்றுக்கு எண்ணூறு யூரோ என்றும் சொல்லலாம்.
கையெழுத்துப் போட்டேன்.

உளுந்து மூட்டை கிடக்கும் தகரத் தரையில்
ஆறு துளைகள், கறுப்பு பிளாஸ்டிக் மூடியால் அடைத்தவை.
ஆரூரன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.
"இதில நான். இதில அம்மா. நடுவில ஆர்?"
"நடுவில அரசாங்கம்" என்றான் குணாளன்,
மூட்டையை நகர்த்தியபடி.

மாதம் முடியப் படிவம்.
உளுந்துக்கும் வாளிக்கும் கட்டிய வரி இருபதாம் வரியில்,
வானுக்குக் கட்டியது பத்தொன்பதாம் வரியில்.
அந்த வரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத்
தமிழில் சொன்னால், அசையாதவை.
ஓடுவதற்கென்றே வாங்கியதை
அசையாதவற்றுள் எழுதச் சொல்கிறது குடியரசு.
மூன்று தரம் வாசித்தேன். அகராதியும் பார்த்தேன்.
வேறு இடமில்லை.
எழுதினேன்.

பணம் வந்தது. வந்த கிழமையே போய்விட்டது,
கிரைண்டர் கல்லுக்கும்
லாக்கூர்நெவ் வாடகைப் பாக்கிக்கும்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சித்திரையில் பொபினியில் ஒரு கல்யாணம்.
பத்து வயது ஆகாத பிள்ளை முன்னுக்கு இருக்கக் கூடாது, சட்டம்.
பின் இருக்கையே இல்லாத வாகனம் என்றால் இருக்கலாம்,
அதுவும் அதே சட்டம்.
அப்படி வந்தது அவனுக்கு முன்னிருக்கை.
வானில் இரண்டு பேரும்
பந்திக்குப் பன்னிரண்டு வாளி மாவும்.
எனக்கு டிராம்.

பொய் சொல்வானேன், பிடித்திருந்தது.
பச்சைப் பட்டு. மடியில் பரிசுப் பெட்டி.
எதிரே இருந்த மாலி நாட்டுப் பெண்
என் சரிகையைப் பார்த்து, விலை என்ன என்று
புருவத்தால் கேட்டாள்.
நான் பாதி குறைத்து விரல்களால் சொன்னேன்.
அவள் நம்பவில்லை.
பதினேழு நிமிடம் ஒருவரும் என்னிடம் மாவு கேட்கவில்லை,
ரசீது கேட்கவில்லை, பென்சில் எங்கே என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு சந்தியில் சிவப்பு விழுந்தது.
கண்ணாடிக்கு அப்பால், கை நீட்டினால் தொடலாம்,
எங்கள் வெள்ளை வான்.
இரண்டு கையையும் முழங்காலில் வைத்து
ஒரு நீதிபதியைப் போல இருந்தான் ஆரூரன்.
என்னைக் கண்டதும் நீதி போய்விட்டது.
பெல்டுக்குள் நெளிந்து, பின்னால் திரும்பி,
வாளிகள் இருக்கும் பக்கம் கை காட்டி
என்னவோ சொன்னான்.
இரண்டு கண்ணாடி தாண்டி எனக்குக் கேட்கவில்லை.
குணாளன் எதையும் காணவில்லை,
விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிராமுக்குத் தனி விளக்கு, தனிப் பாதை.
நாங்கள் முதலில் கிளம்பினோம்:
நான், அந்தப் பெண், ஒரு சைக்கிள், வாய்ப்பூட்டுப் போட்ட ஒரு நாய்.
சந்தியில் அப்படியே நின்றது
பத்தொன்பதாம் வரி.