இந்த ஆண்டுக்கு நிறம் இல்லை

ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒரு நிறம் வரும்.
போன வருஷம் ஈரச் சிமெண்டு.
அதற்கு முன்னால் கருநீலம்.
ஒருமுறை, யார் யோசனையோ, பழுத்த பப்பாளி.
எஞ்சின் அதேதான். பத்தொன்பது வருஷமாக
முகப்பு விளக்கை மட்டும் மாற்றி மாற்றி
புருவம் திருத்திக்கொண்ட முகம்.
இந்த ஐப்பசி போய்க்
கார்த்திகையும் பாதி கழிந்துவிட்டது.
நிறம் வரவில்லை.
நிறுத்திவிட்டோம் என்றும் சொல்லவில்லை.

புனலூர் ஷோரூமில்
அது நின்ற மேடையில் இப்போது
கொக்கு மூக்கும் நெட்டைக் காலுமாய் வேறொன்று.
எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்களாம்.
மலை ஏறாதவர்கள்தான் அதிகம் கேட்கிறார்களாம்.
விளம்பரத் தாளைத் தேடுவதுபோல் தேடிவிட்டு
சிபிச்சன் சொன்னான்:
"ஒண்ணும் பறயான் பற்றில்லா சாரே."
பிறகு பையனைச் சாயா வாங்க அனுப்பினான்.
சாயா வந்தாலே எனக்குப் புரியும்.
நானும் அப்படித்தான் வாங்கிக் கொடுப்பேன்,
முழுச் சேதம் என்று எழுதுவதற்கு முன்.

என் பிழைப்பு அது. இன்ஷூரன்ஸ் சர்வேயர்.
செங்கோட்டைக்கும் தென்மலைக்கும் நடுவே
எது கவிழ்ந்தாலும் எனக்குப் போன் வரும்.
ஆறு மாதம் ஓடியதற்கு இத்தனை கழிவு,
ஒரு வருஷத்துக்கு இத்தனை,
ரப்பருக்குப் பாதி,
கண்ணாடிக்குக் கழிவே கிடையாது.
ஐந்து வருஷம் தாண்டிவிட்டால்
அட்டவணை கையை விரித்துவிடும்;
இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டதுதான் விலை.
என் வண்டிக்குப் பதினொன்று.
யாரோடு பேச?

பிரானூர் பார்டரில் பீர்கான் பட்டறை.
"இப்பமே வாங்கிப் போட்டிரும் அண்ணாச்சி.
கிளட்ச் கேபிள் ரெண்டு, ஹெட் கேஸ்கெட் ஒண்ணு,
இடது பக்கப் பேனல் கண்டிப்பா.
நீரு எப்பமும் இடதுலதான விழுவீரு."
கேபிள் ஒன்று நாலு வருஷம் வரும்.
இரண்டென்றால் எட்டு.
எட்டுப் போனால் எனக்கு ஐம்பத்தொன்பது.
கணக்கு வண்டிக்கா எனக்கா என்று
பாதியில் குழம்பிப்போய்
மூன்றாகச் சொல்லிவிட்டேன்.
கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியைப் பார்த்த சொர்ணகலா
"என்ன, பிள்ளை பெறப் போகுதா உங்க வண்டி?"

பெருமைப்பட ஒன்றுமில்லை.
பந்தயக்காரன் பார்த்தால் எடை என்பான்.
தேசாந்திரி பார்த்தால் குனிய வேண்டியிருக்கே என்பான்.
ஆனால் கழுதுருட்டி கடந்து
பதிமூன்று கண் பாலத்தை ஒட்டி
மூன்றாம் கியரில் மேகத்துக்குள் நுழையும்போது
இரண்டு பெட்டியிலும் கேமரா, டேப், பிறர் விபத்துகள்,
எண்ணெய் கசியும் நேந்திரங்காய் வற்றல்,
அத்தனையும் சுமந்தபடி
அது சாயும் ஒரு சாய்வு:
கடனெல்லாம் அடைத்தவன்
தூக்கத்தில் ஒருக்களித்துக்கொள்வதுபோல்.

நேற்று புளியரை எஸ் வளைவில்
மரச்சீனிக் கிழங்கு லாரி.
வீரபெருமாளுக்கு உதட்டில் மட்டும் காயம்.
மழையில் கிழங்கு சாலை நெடுக.
குரங்கொன்று எடுத்து முகர்ந்து
இன்னொன்றின் மேல் எறிந்தது.
நான் சேஸிஸை இரண்டு தடவை அளந்தேன்.
"இனி ஓடுமா சார்?"
பிழிந்த துணிபோல் முறுக்கிக் கிடந்தது அது.
"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுய்யா" என்று
எதிர்க் கடைக்கு டீ சொல்லப் போனவன்
பாதிச் சாலையில் நின்றேன்.
பின்னால் வந்த பஸ் ஹாரனால் திட்டியது.

திரும்பி வந்து சொல்லிவிட்டேன்.
ஓடாது. சேஸிஸ் போச்சு.
சரி என்றான்.
கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தான்,
புது டயர், போன வாரம்தான் போட்டதாம்.
அதற்கப்புறம்தான் டீ.

கிளாஸைத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டான்:
"ஒங்க பைக் என்ன கலரு சார்?
சேத்துல தெரியல."
கட்டை விரலால் டேங்கைத் தேய்த்துக் காட்டினேன்.
பப்பாளி.