ஒன்பது மூடிகள்

சனி பின்னேரம் கிண்ணங்களைக் கழுவி
வெள்ளைத் துவாயில் கவிழ்க்கிறேன்.
கண்ணாடிக் கிண்ணம் முப்பத்தெட்டு.
நாளைக்கு வேண்டியது நாற்பத்தேழு.

யாழ்ப்பாணம் பெரிய கடையெல்லாம் அலைந்தார்
பொருளாளர் ஞானச்செல்வம்.
அந்த அளவில் கிடைக்கவில்லை.
காய்ச்சல் பாணிப் போத்தலோடு வருகிற அளவு மூடிகள் ஒன்பதை
மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்து
கூச்சத்தோடு மேசையில் வைத்தார்.
"சின்னப் பிள்ளையளுக்குத்தானே."

ஐந்து மில்லி, பத்து மில்லி,
கோடு போட்ட மூடிகள்.
எந்தக் கோடு மட்டும் ஊற்றுவது?
சபைக் கூட்டத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் வேறு.
திடப்படுத்தல் முடியாமல் எப்படி?
சிந்தினால்? துப்பினால்?
ஐஸ்கிறீம் வானுக்கு நிற்கிறமாதிரி நிற்குங்கள் என்றார் ஒருவர்,
சிரித்துக்கொண்டு.
"விளங்காமல் எடுக்கலாமோ?"
அது நான் கேட்டது.
பதினொன்றுக்கு ஆறு.
அந்த ஆறில் ஒரு கை என்னுடையது.

எண்ணி முடிந்த பிறகு
போதகர் சற்குணவதி
பாண் வெட்டும் வேலையை என்னிடமே தந்தார்.
காரணம் சொல்லவில்லை.

அச்சுப்பாணின் கரையை அரிந்து
சதுரம் சதுரமாக வெட்டுகையில்
தொண்ணூற்றைந்து வந்து பக்கத்தில் நிற்கிறது.
கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு கோயில்.
நிலமெல்லாம் பாய், சூட்கேஸ், காயாத உடுப்பு.
மூன்று நாளாய்க் கஞ்சி.
கிண்ணத்தில் இருந்தது தேயிலைச் சாயமென்று
அம்மா பிறகு சொன்னாள்.
பாண் ஏது? ஆரோ கட்டிக்கொண்டு ஓடிவந்த பிஸ்கட்.
தட்டு என் தலைக்கு மேலால்
அம்மாவின் கையிலிருந்து
பக்கத்து மாமியின் கைக்குப் போனது.

எனக்கு ஏழு வயது.
எல்லாம் விளங்கியது.
தட்டில் எத்தனை துண்டு என்பது,
அதில் ஒன்றும் எனக்கில்லை என்பது.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.
சொல்லாமல் கையை மட்டும் ஏன் உயர்த்தினேன்?
காத்துக் கிடந்து வாங்கியதைக்
காத்திராதவன் வாங்கப்போகிறானே என்ற
எரிச்சலோ, என்னவோ.
அதற்கு வேதவசனம் தேடினேன். இருந்தது.

ஞாயிறு.
மாமரத்துக் காகங்கள் கூரைத் தகரத்தில் நடக்கின்றன.
யோவேல் வருகிறான். ஐந்து வயது.
இடுப்பில் நில்லாத காற்சட்டையை
ஒரு கையால் பிடித்தபடி
மற்றக் கையை நீட்டுகிறான்.

"உனக்காகப் பிட்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம்."

ஆமென் சொல்ல
ஆறு கிழமை பழக்கியிருந்தேன்.
அவன் கேட்டான்: "எனக்கோ?"

பின்வாங்கில் இருமிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.
போதகர் குனிந்தார்.
"ஓம், உனக்கு."

யோவேல் இரண்டு கையாலும் வாங்கினான்.
காற்சட்டை முழங்காலுக்கு வந்தது.
அக்கா கெசியா தூக்கிப் பிடித்தாள்,
அவளும் மென்றுகொண்டு.

என் முறை கடைசி.
ஆரோ ஒரு பிள்ளை கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்திருக்க வேண்டும்.
தட்டில் எனக்கு இருந்தது ஒரு மூடி,
ஐந்து மில்லிக் கோட்டுக்குச் சற்று மேலே
உரும்பிராய்த் திராட்சை, கொஞ்சம் புளிப்பு.
ஆமென் உடனே வரவில்லை.
போதகர் பொறுத்து நின்றார்.

மத்தியானம் கழுவி எண்ணினேன்.
கண்ணாடி முப்பத்தெட்டும் சரி.
மூடிகள் எட்டு.
ஒன்றை ஆரோ
வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.